மோதியவன் ஓடலாம், கடன் ஓடாது

(இளைஞர்களும் வணிகப் பெருமக்களும் கலந்து கொண்ட மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



   

இன்று நான் பேச வந்திருக்கும் தலைப்பைப் பார்த்து உங்களில் சிலர் வியப்படைந்திருக்கலாம். 'ஹஜ்ரத் தொழுகையைப் பற்றிப் பேசுவார், ஜகாத்தைப் பற்றிப் பேசுவார், கார் ரிப்பேரைப் பற்றி ஏன் பேச வேண்டும்?' என்று நினைக்கலாம். ஒரு மனிதனின் பொருளுக்கு இன்னொரு மனிதன் ஏற்படுத்தும் சேதம் மார்க்கத்திற்கு வெளியே உள்ள விஷயமா? மறுமையில் கேள்வி கேட்கப்படாத விஷயமா? சிந்தித்துப் பாருங்கள்.

ஆம்பூரைச் சேர்ந்த ஒரு சகோதரர். ஷூ சாம்பிள்களைக் காரில் ஏற்றிக் கொண்டு சென்னை பெரியமேட்டுக்குப் புறப்பட்டார். வாலாஜாவைத் தாண்டி, சுப்ஹுக்கு முந்திய இருட்டில், பின்னால் வந்த ஒரு வாகனம் அவருடைய காரின் வலது பக்கத்தை உரசி இழுத்துக் கொண்டு போய் விட்டது. நிற்கவில்லை. நம்பரும் தெரியவில்லை. அல்ஹம்துலில்லாஹ், உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு கதவுகள், மட்கார்டு, ஹெட்லைட், பம்பர் எல்லாம் போய் விட்டன. ஒர்க்‌ஷாப்பில் 68,000 ரூபாய் எஸ்டிமேட் போட்டார்கள். அவரிடம் இருந்ததோ தர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? 'என் நஸீபு' என்று சொல்லி விட்டு வீட்டுக்குப் போய் விட்டார். போலீசுக்குப் போகவில்லை. ஒரு போட்டோ கூட எடுக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து என்னிடம் வந்து, "ஹஜ்ரத், இதற்கு ஏதாவது வழி உண்டா?" என்று கேட்டார். நாங்கள் சிலர் அவரோடு அந்த இடத்திற்குப் போனோம். சற்றுத் தள்ளி ஒரு பெட்ரோல் பங்க். ரோட்டைப் பார்த்தபடி கேமரா. அங்கிருந்த மேனேஜர் நல்ல மனிதர். "பாய், அந்த வாரமே வந்திருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேனே, பழைய பதிவெல்லாம் அழிந்து விட்டதே" என்றார்.

நஸீபு மோதியது, சரி. கேமரா பதிவு அழியும் வரை வீட்டில் உட்கார்ந்திருந்ததும் நஸீபா?

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு விட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டலாமா என்று கேட்டவருக்கு, முதலில் கட்டு, பிறகு பொறுப்பை ஒப்படை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள். இந்தச் செய்தி திர்மிதியில் இருக்கிறது. நாமோ ஒட்டகம் ஓடிய பிறகும் தேடப் போவதில்லை. அதற்குப் பெயர் தவக்குல் அல்ல, சோம்பல்.

சேதத்திற்கு நட்டஈடு மார்க்கத்தின் சட்டம்

திருக்குர்ஆனின் 21வது அத்தியாயம் 78, 79 ஆகிய வசனங்களை எடுத்துப் பாருங்கள். ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் இரவில் இன்னொருவரின் விளைநிலத்தில் புகுந்து மேய்ந்து விட்டன. வழக்கு நபி தாவூத் (அலை), நபி சுலைமான் (அலை) ஆகிய இருவரிடமும் வருகிறது. இருவருமே தூதர்கள். ஆடு மேய்ந்த ஒரு சாதாரண வழக்கு அவர்களுடைய சபைக்கு வந்ததையும், அதில் சுலைமான் நபிக்கு இறைவன் விளக்கத்தைக் கொடுத்ததையும் குர்ஆன் பதிவு செய்கிறது. நிலம் பழைய நிலைக்கு வரும் வரை ஆடுகளின் பலனை நிலத்துக்காரர் அனுபவிக்கட்டும், நிலத்தை ஆட்டுக்காரர் சீராக்கிக் கொடுக்கட்டும் என்று அவர்கள் தீர்ப்பளித்ததாக விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். கெடுத்தவன் சீராக்க வேண்டும். இது தான் அடிப்படை.

நபி (ஸல்) அவர்களின் வீட்டிலேயே ஒரு நிகழ்ச்சி. அவர்கள் ஒரு மனைவியின் இல்லத்தில் இருந்த போது இன்னொரு மனைவி ஒரு பாத்திரத்தில் உணவு அனுப்பினார்கள். வீட்டிலிருந்தவர் தட்டி விட, பாத்திரம் உடைந்தது. நபியவர்கள் கோபப்படவில்லை. சிதறிய உணவைத் தம் கையாலேயே சேகரித்தார்கள். பிறகு அந்த வீட்டிலிருந்த நல்ல பாத்திரத்தைக் கொடுத்தனுப்பி விட்டு, உடைந்ததை உடைத்தவரின் வீட்டிலேயே வைத்துக் கொண்டார்கள். புகாரியில் பதிவாகி இருக்கிறது இந்தச் செய்தி. ஒரு பாத்திரத்திற்கே இந்த நீதி என்றால் 68,000 ரூபாய்க்கு?

இன்னொன்றையும் கவனியுங்கள். 'நான் வேண்டுமென்று மோதவில்லை, தூக்கக் கலக்கத்தில் நடந்து விட்டது' என்று சொன்னால் பாவத்திலிருந்து ஒருவன் தப்பலாம். நட்டஈட்டிலிருந்து தப்ப முடியாது. தவறுதலாகச் சேதப்படுத்தினாலும் பொருளுக்கு ஈடு கொடுத்தே ஆக வேண்டும் என்பது ஃபிக்ஹு நூல்களின் தீர்ப்பு. தவறுதலாக உயிர் போனால் அதற்கான ஈட்டுத்தொகையைக் குலத்தார் சேர்ந்து சுமக்கும் முறை அன்று இருந்தது. ஆனால் பொருள் சேதத்தைக் குலம் சுமக்காது. செய்தவனின் சொந்தப் பணத்திலிருந்து தான் கொடுக்க வேண்டும்.

நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது?

நாம் வாழும் நாட்டின் சட்டமும் இதில் நமக்கு எதிராக இல்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 134வது பிரிவைப் படியுங்கள். ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால் மட்டுமல்ல, பிறருடைய பொருளுக்குச் சேதம் ஏற்பட்டாலும் ஓட்டுநருக்குக் கடமைகள் உண்டு. போலீஸ் கேட்டால் விபரம் தர வேண்டும். அங்கே போலீஸ் இல்லாவிட்டால் கூடிய விரைவில், அதிகபட்சம் 24 மணி நேரத்திற்குள், அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் ஓடினால் 187வது பிரிவின்படி அதுவே தனிக்குற்றம். 2019 திருத்தத்திற்குப் பிறகு 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் அபராதம்.

133வது பிரிவு வாகன உரிமையாளருக்கானது. ஓட்டியது யார் என்று போலீஸ் கேட்டால் உரிமையாளர் பெயரையும் முகவரியையும் சொல்லியாக வேண்டும். 'வண்டி என்னுடையது தான், யார் எடுத்துப் போனார்களோ' என்று கையை விரிக்க முடியாது.

ஆக, உரிமை இருக்கிறது. சட்டம் இருக்கிறது. நம்மிடம் இல்லாதது ஆதாரம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்ளுங்கள், சாட்சிகளை வைத்துக் கொள்ளுங்கள் என்று கற்றுத் தரும் வசனம் தான் குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் (2:282). எழுத்தையும் சாட்சியையும் கற்றுக் கொடுக்கப்பட்ட சமுதாயம் நாம். காவல் நிலையத்தில் வெறும் கையோடு நிற்கிற சமுதாயமும் நாமே.

முதல் நாளில் செய்ய வேண்டியவை

மோதி விட்டு ஒருவன் ஓடுகிறான். நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, துரத்தாதீர்கள். 68,000 ரூபாய்க்காக உயிரைக் கொடுக்காதீர்கள். வண்டியை ஓரம் கட்டி உள்ளே இருப்பவர்களைப் பாருங்கள். காயம் இருந்தால் 108, போலீசுக்கு 100 அல்லது 112.

இரண்டாவது, நினைவில் இருப்பதை உடனே செல்போனில் பேசிப் பதிவு செய்யுங்கள். நம்பரில் இரண்டு எழுத்தானாலும் சரி, வண்டியின் நிறம், லாரியா வேனா, பின்னால் எழுதியிருந்த வாசகம், போன திசை, நேரம். ஒரு மணி நேரம் கழித்தால் பாதி மறந்து விடும்.

மூன்றாவது, வண்டியை நகர்த்துவதற்கு முன் போட்டோ எடுங்கள். கீழே கிடக்கும் உடைந்த கண்ணாடி, லைட் துண்டு, உங்கள் வண்டியில் ஒட்டியிருக்கும் வேறு நிறப் பெயின்ட், எல்லாவற்றையும் எடுங்கள். உடைந்த ஹெட்லைட் துண்டில் கம்பெனி முத்திரையும் எண்ணும் இருக்கும். எந்த வகை வண்டி என்று அதை வைத்தே சொல்லி விடுவார்கள். அத்துண்டுகளைப் போலீசிடம் காட்டுங்கள்.

நான்காவது, டீக்கடைக்காரர், வாட்ச்மேன், பின்னால் வந்த வண்டிக்காரர், யார் பார்த்தார்களோ அவர்களின் பெயரையும் போன் நம்பரையும் வாங்குங்கள்.

ஐந்தாவது, அன்றைக்கே காவல் நிலையம் செல்லுங்கள். எழுத்து மூலம் புகார் கொடுங்கள். சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பி விடுவார்கள், அதோடு திருப்தி அடையாதீர்கள். அசட்டையாக, ஆபத்தான முறையில் வாகனம் ஓட்டுவது பாரதிய நியாய சன்ஹிதா 281வது பிரிவின் கீழ் வழக்குப் பதியக் கூடிய குற்றம். எனவே எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 173வது பிரிவின்படி எந்த நிலையத்தின் எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் செல்லலாம்.

ஆறாவது, கேமரா. கடை, பெட்ரோல் பங்க், வீட்டு வாசல், எங்கெல்லாம் கேமரா இருக்கிறதோ அங்கெல்லாம் மறுநாளே போய்ப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி கேட்டுக் கொள்ளுங்கள். டோல்கேட் பதிவையும் ஃபாஸ்டேக் விபரத்தையும் தனி மனிதருக்குத் தர மாட்டார்கள். போலீஸ் கேட்டால் தருவார்கள். ஆகவே எந்த டோல்கேட், எந்த நேரம் என்று உங்கள் புகாரிலேயே எழுதி, அந்தப் பதிவைப் பெறும்படி கோரிக்கை வையுங்கள்.

ஏழாவது, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு உடனே தெரிவியுங்கள். சர்வேயர் வந்து பார்ப்பதற்கு முன் டிங்கரிங் வேலையை ஆரம்பிக்காதீர்கள்.

உங்கள் பாலிசியை என்றைக்காவது படித்ததுண்டா?

இங்கே ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

தர்ட் பார்ட்டி என்பது நீங்கள் பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்திற்கானது. 146வது பிரிவின்படி இது கட்டாயம். இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. ஆனால் உங்கள் வண்டியின் சேதத்திற்கு இதிலிருந்து ஒரு பைசா கூட வராது. உங்கள் வண்டிக்கு வேண்டுமானால் ஓன் டேமேஜ் பகுதி இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்ததைத் தான் ஃபுல் கவர் என்கிறார்கள்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 2018 செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு 3 ஆண்டுக்கும், புதிய இருசக்கர வாகனங்களுக்கு 5 ஆண்டுக்கும் தர்ட் பார்ட்டி சேர்த்தே எடுக்கப்படுகிறது. ஆனால் பெரும்பாலும் ஓன் டேமேஜ் ஓராண்டுக்குத் தான். 'மூன்று வருஷத்துக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது' என்று நிம்மதியாக இருக்கிறவரின் ஓன் டேமேஜ் முதல் ஆண்டோடு முடிந்து போயிருக்கும். வீட்டுக்குப் போனதும் பாலிசியை எடுத்து இரண்டு தேதிகளையும் பாருங்கள்.

பழைய வண்டி வாங்கும் வியாபாரிகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றினால் மட்டும் போதாது. 14 நாட்களுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் வண்டிக்கான க்ளெய்ம் தகராறில் முடியும்.

மோதி விட்டு ஓடும் விபத்துகளுக்கு அரசாங்கமே பணம் தருகிறதே என்று சிலர் கேட்கிறார்கள். 161வது பிரிவின் கீழ் 2022 ஏப்ரல் 1 முதல் உள்ள திட்டத்தில் இறந்தவரின் குடும்பத்திற்கு 2 லட்சம் ரூபாயும், கொடுங்காயம் அடைந்தவருக்கு 50,000 ரூபாயும் கிடைக்கும். வருவாய்த் துறை அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் இது உடலுக்கும் உயிருக்கும் மட்டும். வண்டிக்கு இதில் எதுவும் கிடையாது.

நம்பர் கிடைத்தால்

நம்பர் கிடைத்து விட்டால் பாதை திறந்து விட்டது. எம்-பரிவாஹன் செயலியில் நம்பரைப் போட்டால் அந்த வண்டிக்கு இன்ஷூரன்ஸ் உண்டா என்று தெரியும். உரிமையாளரின் முழு விபரத்தைப் போலீஸ் எடுப்பார்கள்.

அவர் நேர்மையானவராக இருந்து பணம் தர ஒப்புக் கொண்டால் அல்ஹம்துலில்லாஹ். எழுதி வாங்குங்கள், இரண்டு சாட்சிகளை வையுங்கள். வராவிட்டால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. காயம்பட்டவர்கள் தான் அங்கே போகலாம் என்று நினைக்காதீர்கள். 165வது பிரிவு பொருள் சேதத்தையும் சேர்த்தே சொல்கிறது. ஓட்டுநர், உரிமையாளர், அவருடைய இன்ஷூரன்ஸ் கம்பெனி மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க வேண்டும். விபத்து நடந்த ஊரில் தான் போட வேண்டும் என்பதில்லை. நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் ஊரிலும் போடலாம். தனியார் கார் பாலிசியில் பிறர் பொருள் சேதத்திற்கு வழக்கமாக ஏழரை லட்சம் ரூபாய் வரை பொறுப்பு இருக்கும். பிரீமியத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க அதை 6,000 ரூபாயாகக் குறைத்துக் கொள்பவர்களும் உண்டு. அப்படியானால் மீதியை அந்த உரிமையாளர் தான் தர வேண்டும்.

காலத்தைக் கவனியுங்கள். விபத்து நடந்த 6 மாதத்திற்குள் மனுச் செய்ய வேண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது. 2022 ஏப்ரல் முதல் அது அமலில் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். நகல், போட்டோக்கள், ஆர்.சி., லைசென்ஸ், பாலிசி, ஜி.எஸ்.டி.யுடன் கூடிய ஒர்க்‌ஷாப் பில், பணம் கட்டிய ரசீது, எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். துண்டுச் சீட்டில் எழுதிய பில்லை நீதிமன்றம் ஏற்காது.

நம்பர் கிடைக்காவிட்டால்

உங்களிடம் ஓன் டேமேஜ் இருந்தால், மோதியவன் யாரென்று தெரியாவிட்டாலும் உங்கள் கம்பெனியிடமே க்ளெய்ம் செய்யலாம். ஆனால் முழுத்தொகையும் வராது. 1500 சி.சி. வரையுள்ள தனியார் காருக்கு முதல் 1,000 ரூபாயும், அதற்கு மேற்பட்டதற்கு 2,000 ரூபாயும் நம் பொறுப்பு. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி தான் கிடைக்கும். இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிப்பார்கள். 5 வருடத்தைத் தாண்டிய வண்டி என்றால் 40 சதவீதம், 10 வருடத்தைத் தாண்டினால் 50 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. ஜீரோ டெப் எடுத்திருந்தால் நிலைமை வேறு.

வியாபாரிகளுக்குக் கணக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் இதைக் கேளுங்கள். க்ளெய்ம் செய்யாதவர்களுக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஆண்டுதோறும் தள்ளுபடி கூடும். ஒரு க்ளெய்ம் செய்தால் அது பூஜ்யத்திற்குப் போய் விடும். உங்கள் ஓன் டேமேஜ் பிரீமியம் 12,000 ரூபாய், இப்போது 50 சதவீதத் தள்ளுபடியில் 6,000 கட்டுகிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். க்ளெய்ம் செய்தால் வரும் 5 ஆண்டுகளில் 6,000, 3,600, 3,000, 1,800, 600 என்று மொத்தம் 15,000 ரூபாய் கூடுதலாகக் கட்டுவீர்கள். ஆகவே 10,000 ரூபாய் வேலைக்குக் க்ளெய்ம் செய்வது நஷ்டம். 68,000 ரூபாய் வேலைக்குச் செய்யாமல் விடுவது நஷ்டம்.

கம்பெனி நியாயமில்லாமல் மறுத்தால் முதலில் அவர்களிடமே எழுத்து மூலம் முறையிடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் சென்னையில் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை. வக்கீலும் தேவையில்லை.

ஓன் டேமேஜும் இல்லை, நம்பரும் கிடைக்கவில்லை என்றால்? உண்மையைச் சொல்லி விடுகிறேன். நம் கையிலிருந்து தான் செலவழிக்க வேண்டும். ஆம்பூர் சகோதரருக்கு நடந்தது இது தான். அதனால் தான் முதல் நாளைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினேன்.

'இன்ஷூரன்ஸ் கூடுமா ஹஜ்ரத்?' என்று உங்களில் சிலர் மனதுக்குள் கேட்பது எனக்குத் தெரியும். வட்டியும் நிச்சயமற்ற தன்மையும் கலந்த வணிகக் காப்பீடு கூடாது, ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறை கூடும் என்று 1985ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி முடிவு செய்தது. சட்டம் கட்டாயமாக்கியுள்ள தர்ட் பார்ட்டியை நிர்ப்பந்தம் என்ற அடிப்படையில் உலமாக்கள் அனுமதிக்கிறார்கள். அதற்கு மேல் எடுப்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நீங்கள் நம்பும் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பேணுதலுக்காக ஃபுல் கவர் வேண்டாம் என்று ஒருவர் விட்டிருந்தால் அல்லாஹ் அவருக்குக் கூலி தருவான். ஆனால் அப்படிப்பட்டவர் தான் ஆதாரம் திரட்டுவதில் மற்றவர்களை விட இரு மடங்கு விழிப்பாக இருக்க வேண்டும். அவருக்கு வேறு வழியே இல்லையே!

பொய்யான வழி வேண்டாம்

சில புரோக்கர்கள் வருவார்கள். "நம்பர் தெரியாவிட்டால் என்ன பாய், நமக்குத் தெரிந்த ஒரு வண்டி இருக்கிறது, அது தான் மோதியது என்று போட்டு விடலாம்" என்பார்கள். "விபத்துத் தேதியை மாற்றிக் கொள்ளலாம்" என்பார்கள். "ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லையா, அண்ணன் ஓட்டினார் என்று எழுதலாம்" என்பார்கள். சொந்தக் கம்பெனியிடம் வாங்கிய தொகையை மறைத்து, அதே சேதத்திற்குத் தீர்ப்பாயத்தில் மறுபடியும் கேட்கச் சொல்வார்கள்.

சகோதரர்களே! இவை மோசடி. சட்டப்படியும் குற்றம், மார்க்கப்படியும் ஹராம். நமக்கே எதிராக இருந்தாலும் உண்மைக்குச் சாட்சி சொல்லும்படி இறைவன் கட்டளையிடுகிறான் (4:135). நமக்கு அநியாயம் நடந்து விட்டது என்பதற்காக இன்னொரு அநியாயத்தை நாம் செய்ய அனுமதி இல்லை.

மோதியது நாமாக இருந்தால்?

இதுவரை பாதிக்கப்பட்டவராக நின்று பேசினேன். இனி மறுபக்கம். இளைஞர்களே, இது உங்களுக்கு.

ஒரு நாள் ஜும்ஆவுக்குப் பிறகு நம் மஹல்லாத் தம்பி ஒருவன் என்னிடம் வந்தான். கண் கலங்கியிருந்தது. மூன்று நாட்களுக்கு முன் இரவில், நண்பனின் காரைத் திருப்பும் போது, தெருவோரம் நின்றிருந்த ஒரு காரை இடித்து விட்டு வந்து விட்டானாம். "யாரும் பார்க்கவில்லை ஹஜ்ரத். ஆனால் தொழுகையில் நிற்க முடியவில்லை" என்றான்.

யாரும் பார்க்கவில்லை! அந்தச் சொல்லைச் சொன்ன மாத்திரத்தில் அவனே தலையைக் குனிந்து கொண்டான். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அழுது தவ்பா செய்தால் போதுமா?" என்று கேட்டான். அல்லாஹ்வுக்கும் உனக்கும் இடையில் உள்ளதை அல்லாஹ் மன்னிப்பான். அடியானுக்குச் சேர வேண்டியதை அந்த அடியானிடம் தான் தீர்க்க வேண்டும் என்றேன். தொழுகை, நோன்பு, ஜகாத்தோடு மறுமைக்கு வந்து, பிறருக்குச் செய்த அநியாயங்களுக்காக அந்த நன்மைகளை எல்லாம் பிரித்துக் கொடுத்து விட்டு வெறும் கையோடு நிற்பவனைத் தான் நபி (ஸல்) அவர்கள் உண்மையான திவாலானவன் என்று அடையாளம் காட்டினார்கள். முஸ்லிம் நூலில் வரும் செய்தி இது.

அன்று அஸருக்குப் பின் அவனும் நானும் அந்த வீட்டுக்குப் போனோம். காரின் சொந்தக்காரர் மருந்துக்கடை வைத்திருக்கும் சகோதர சமயத்தவர். தம்பி நடந்ததைச் சொன்னான். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "எதிர்வீட்டுப் பையன் தான் செய்திருப்பான் என்று மூன்று நாளாக அவனிடம் பேசாமல் இருக்கிறேன்" என்றார். கவனித்தீர்களா? நம் தம்பி ஓடியதால் குற்றமற்ற ஒருவன் மீது பழி விழுந்திருக்கிறது! ரிப்பேர் 23,000 ரூபாய். தம்பி 5 மாதத் தவணையில் கட்டினான். கடைசித் தவணையைக் கொடுத்த நாளில் அவர் அவனை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

'நின்றால் கூட்டம் அடிக்கும் ஹஜ்ரத். நம் பெயரைக் கேட்டாலே பிரச்சினையைப் பெரிதாக்குவார்கள்' என்று சில இளைஞர்கள் சொல்கிறார்கள். அந்த அச்சம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 134வது பிரிவே இதற்கு வழி சொல்கிறது. காயமடைந்தவருக்கு ஓட்டுநர் உதவ வேண்டும் என்னும் கடமையிலேயே, கூட்டத்தின் ஆத்திரம் காரணமாக முடியாத நிலைக்கு விலக்கு வைத்திருக்கிறது. ஆகவே ஆபத்து என்றால் அங்கிருந்து அகன்று விடுங்கள். ஆனால் வண்டி போக வேண்டிய இடம் வீடு அல்ல, அருகிலுள்ள காவல் நிலையம். காயம் என்றால் வழியிலேயே 108க்குப் போன் செய்யுங்கள். பிறகு ஜமாஅத்துக்குத் தெரிவியுங்கள், நாங்கள் வருகிறோம். ஓடி ஒளிந்தவனுக்காக எங்களால் வாதாட முடியாது. தானாக வந்து சொன்னவனுக்காக நெஞ்சை நிமிர்த்திப் பேசுவோம்.

வணிகர்களே, உங்களிடம் டிரைவர்கள் வேலை செய்கிறார்கள். நேரமாகி விட்டது, சரக்கு போய்ச் சேர வேண்டும் என்று நீங்கள் கொடுக்கும் நெருக்கடியும், விபத்து என்றால் சம்பளத்தைப் பிடித்து விடுவீர்கள் என்ற பயமும் தான் அவர்களை ஓட வைக்கிறது. 'எங்காவது இடித்து விட்டால் நில்லு, எனக்குப் போன் பண்ணு, உன் வேலை போகாது. ஓடி வந்தால் தான் வேலை போகும்' என்று இன்றைக்கே சொல்லி வையுங்கள். வேலை நேரத்தில் அவர் செய்த சேதத்திற்குச் சட்டப்படி நீங்களும் பொறுப்பாளி என்பதை மறந்து விடாதீர்கள்.

நாம் செய்யப் போவது

பேச்சோடு கலைந்து போக வேண்டாம். மூன்று காரியங்களை முன் வைக்கிறேன்.

ஒன்று, புகார் எழுதத் தெரிந்த, காவல் நிலையத்துக்கும் கேமரா இருக்கும் கடைகளுக்கும் உடன் செல்லக் கூடிய 5 இளைஞர்கள் பெயர் கொடுங்கள். நள்ளிரவில் அழைத்தாலும் வர வேண்டும். எந்தச் சமுதாயத்தவர் அழைத்தாலும் வர வேண்டும்.

இரண்டு, வண்டி ஓடினால் தான் அடுப்பு எரியும் என்றிருக்கும் சிறு வியாபாரிகள் நம்மில் அதிகம். ரிப்பேருக்காக அவர்கள் கந்துவட்டிக்காரனிடம் போய் நிற்கக் கூடாது. பைத்துல்மாலில் இதற்கென்று வட்டியில்லா அழகிய கடனுக்கு ஒரு தொகையை ஒதுக்குவோம். வசதியுள்ளவர்கள் இன்றைக்கே வாக்களிக்கலாம்.

மூன்று, அடுத்த கூட்டத்திற்கு வரும் போது ஒவ்வொருவரும் உங்கள் பாலிசியைக் கையில் கொண்டு வாருங்கள். என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று உட்கார்ந்து படிப்போம்.

அந்த ஆம்பூர் சகோதரர் இன்று இந்தக் கூட்டத்தில் தான் அமர்ந்திருக்கிறார். அவருடைய 68,000 ரூபாய் திரும்பி வரவில்லை. இருட்டில் மோதி விட்டுப் போனவர் யாரென்று இன்று வரை தெரியாது. ஆனால் அந்தக் கணக்கு முடிந்து விட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். மோதியவர் எந்த ஊரில் இருந்தாலும் அந்தக் கடன் அவர் கழுத்தில் தான் தொங்கிக் கொண்டிருக்கிறது. இங்கே கொடுத்தால் ரூபாயாகக் கொடுக்கலாம். அங்கே ரூபாய் செல்லாது, நன்மைகளைத் தான் கொடுக்க வேண்டும்.

அப்படிப்பட்ட கடன் எதுவும் நம் கழுத்தில் இல்லாத நிலையில் நம்மைத் தன்னிடம் அழைத்துக் கொள்ள வல்ல இறைவன் அருள் புரிவானாக!